ஹம்ஸாவின் பதினோரு பாட்டு

ஹம்ஸாவுக்கு மிஞ்சியிருந்தது ஒரே ஒரு சொல்தான். ‘வேண்டாம்.’

பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் புடவைக் கொசுவத்தைப் பிடித்தபடியே சரிந்து விழுந்தாள். மூளையின் இடது பக்கம் ரத்தக்குழாயில் அடைப்பு. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு ஸ்ரீரங்கத்து வீட்டுக்குத் திரும்பியபோது வலது கையும் காலும் பாதி வந்திருந்தன. பேச்சு வரவில்லை. “காபி சாப்பிடறியா?” என்று கேட்டால் “வேண்டாம்” என்பாள். டம்ளரை நீட்டினால் வாங்கிக் குடிப்பாள். ஒரே பெண் அம்ருதா பெங்களூரிலிருந்து ஓடி வந்து, முகத்துக்கு நேராகக் குனிந்து, “என் பேர் சொல்லும்மா” என்றாள். “வேண்டாம்” என்றாள் ஹம்ஸா. சொன்னது தப்பு என்று அவளுக்கே தெரிந்தது. இடது கையால் தன் தொடையில் அடித்துக்கொண்டாள்.

அவள் கணவர் கோவர்தனுக்கு ஐம்பத்தெட்டு வயது. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் சக்கரப் பிரிவில் முப்பத்து நாலு வருஷமாக வேலை. அளந்து பார்க்க முடிந்தால் எதையும் சரிசெய்துவிடலாம் என்று நம்புகிற மனிதர். நீண்ட லீவு போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தார். ஒரு நோட்டில் ரத்த அழுத்தம், மாத்திரை வேளை, ஹம்ஸா எத்தனை தப்படி நடந்தாள் என்பது வரை எழுதினார். ‘பேச்சு’ என்று தலைப்புப் போட்ட பக்கத்தில் மட்டும் இரண்டு மாதமாக எழுத ஒன்றும் இல்லை.

தில்லைநகரில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் இம்தியாஸிடம் வாரம் இரண்டு நாள் அழைத்துப் போனார். இம்தியாஸ் முப்பது வயதுக்காரர், பொறுமைசாலி. படங்களைக் காட்டிப் பெயர் கேட்பார். பசு, சாவி, குடை என்று ஒவ்வொரு அட்டைக்கும் ஒரே பதில்தான் வந்தது.

ஒன்பதாவது நாள், வெளியே காத்திருந்த யாருடைய போனோ அடித்தது. பழைய சினிமாப் பாட்டு ஒன்றின் முதல் வரி. போனை எடுத்துவிட்டார்கள், பாட்டு அறுந்துவிட்டது. அறைக்குள் உட்கார்ந்திருந்த ஹம்ஸா அதன் இரண்டாவது வரியைப் பாடினாள். வார்த்தை வார்த்தையாக, சுத்தமாக, ஒரு எழுத்துக்கூடத் தடுக்காமல்.

கோவர்தன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். “ஹம்ஸா! இன்னொரு தரம் சொல்லு!”

ஹம்ஸா வாயைத் திறந்தாள். “வேண்டாம்” என்று வந்தது.

“சொல்லச் சொல்லாதீங்க சார்” என்றார் இம்தியாஸ். அவர் முகத்திலும் சந்தோஷம் தெரிந்தது. “மேடத்துக்கு அடிபட்டது பேச்சு இருக்கிற பக்கம். பாட்டு ரெண்டு பக்கமும் பரவி இருக்கு. அந்த வழியா நுழைஞ்சு பார்க்கலாம். எல்லாருக்கும் பலிக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா முயற்சி பண்ணணும்.”

“என்ன பண்ணணும், சொல்லுங்கோ.”

“அவங்க மனசுல அச்சா பதிஞ்ச பாட்டா ஒரு பத்து வேணும். தினம் காலையில போட்டு, கூடவே பாடச் சொல்லுங்க. போகப் போக, வரியோட கடைசி வார்த்தை வர்றதுக்கு முன்னாடி நிறுத்திடுங்க. அந்த வார்த்தையை அவங்களே எடுத்துக் கொடுக்கட்டும்.”

அன்று மாலையே கோவர்தன் உறையூருக்குப் போனார். அங்கே பூவரசன் என்று ஒருவர் சின்னதாக ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருந்தார். கல்யாண வரவேற்புகளுக்கும் கல்லூரி விழாக்களுக்கும் பாட்டுத் தயாரித்துக் கொடுப்பது அவர் தொழில். பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் அவர் போட்ட பாட்டுக்குக் கிழவர்கள்கூட ஆடியது கோவர்தனுக்கு நினைவிருந்தது.

“பழைய சினிமாப் பாட்டா எடுத்து, மிக்ஸ் பண்ணி, அரை மணி நேரத்துக்குக் கொடுங்கோ. என் ஆத்துக்காரிக்கு” என்றார்.

மூன்றாம் நாள் பென் டிரைவ் வந்தது. காலைப் பலகாரம் முடிந்ததும் கூடத்தில் ஸ்பீக்கரை வைத்து கோவர்தன் அதைப் போட்டார். முதல் பாட்டின் பல்லவி வந்ததும் ஹம்ஸாவின் முகம் மலர்ந்தது. உதடு அசைந்தது. ஒரு வரி பாடினாள். இரண்டாவது வரிக்கு வாய் திறந்தபோது அந்த வரி வரவில்லை. முதல் வரியின் கடைசிச் சொல்லே நாலு தரம் திரும்ப வந்தது. பிறகு டமடமவென்று தாளம். அதன் நடுவிலிருந்து வேறொரு பாட்டு கிளம்பியது. ஹம்ஸா அதைப் பிடிக்கப் பார்த்தாள். அதுவும் நழுவியது. படிக்கட்டில் இறங்கும்போது படி இல்லாத இடத்தில் கால் வைத்தவள்போல் அவள் முகம் ஆகிவிட்டது. மூன்றாவது பாட்டில் இடது கையை நீட்டி பென் டிரைவைப் பிடுங்கி மேஜைமேல் போட்டாள்.

“வேண்டாம்!”

இந்தத் தடவை அவள் சொன்னதற்கு அதுதான் அர்த்தம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

கோவர்தன் கோபத்தோடு உறையூருக்குப் போனார். “என்னய்யா கொடுத்திருக்கேள்? ஒரு பாட்டாவது முழுசா இருக்கா?”

பூவரசன் திகைத்தார். “சார், நீங்க மிக்ஸ்னுதானே சொன்னீங்க? ரிசப்ஷனுக்குக் கேட்கிறீங்கன்னு நினைச்சு ரீமிக்ஸ் பண்ணினேன். யாருக்கு சார்? எதுக்கு?”

கோவர்தன் விஷயத்தைச் சொன்னார். சொல்லச் சொல்லப் பூவரசன் காதில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“உங்களுக்கு வேண்டியது இது இல்ல சார். ரீமிக்ஸ்னா பாட்டைப் பிரிச்சு மேயறது. வேகத்தை மாத்துவேன், புது தாளம் போடுவேன், பாதி வரியைத் தூக்கிடுவேன். கேட்கிறவங்களுக்கு அடுத்து என்ன வரும்னு தெரியக் கூடாது. அதுலதான் குஷி. மேடத்துக்கு அடுத்து என்ன வரும்னு தெரிஞ்சே ஆகணும். அப்ப வேண்டியது மிக்ஸ்டேப்.”

“ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?”

“கேசட் காலத்துல கடையில லிஸ்ட் எழுதிக் கொடுத்து, நமக்குப் பிடிச்ச பாட்டை வரிசையாப் பதிஞ்சு வாங்குவாங்களே, அதான் சார் மிக்ஸ்டேப். எந்தப் பாட்டையும் தொடக் கூடாது, ஒரு வினாடி வெட்டக் கூடாது. எந்தப் பாட்டு, எதுக்கு அப்புறம் எதுன்னு தேர்ந்தெடுக்கிறது மட்டும்தான் வேலை. ரீமிக்ஸை நானே பண்ணிடுவேன். இதை நான் பண்ண முடியாது. ஆளைத் தெரிஞ்சவங்கதான் பண்ணணும்.” ஒரு தாளையும் பேனாவையும் எடுத்து நீட்டினார். “மேடத்துக்கு மனப்பாடமான பத்துப் பாட்டு எழுதுங்க சார். சாயங்காலமே போட்டுக் கொடுத்துடறேன்.”

கோவர்தன் பேனாவை வாங்கினார். ஒன்று என்று எண் போட்டு, அன்று இம்தியாஸின் அறையில் கேட்ட பாட்டை எழுதினார். இரண்டு என்று போட்டார். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம். ஹம்ஸாவுக்குக் கத்திரிக்காய் ஒத்துக்கொள்ளாது என்று தெரியும். செருப்பு அளவு தெரியும். அவளுடைய இன்சூரன்ஸ் ஆபீஸில் யாரோடு யாருக்குச் சண்டை என்பதுகூடத் தெரியும். இரண்டாவது பாட்டு தெரியவில்லை.

“வீட்டுல போய் யோசிச்சுக் கொண்டாங்க சார்” என்றார் பூவரசன் மெதுவாக.

வீட்டில் அம்ருதாவைக் கேட்டார். அவள் இரண்டு பாட்டுச் சொன்னாள். சின்ன வயதில் தூங்க வைக்க அம்மா பாடியவை. “வேற ஞாபகம் இல்லப்பா. அம்மா ஆத்துல ரொம்பப் பாடினதில்லையே. பிரேமலதா ஆன்ட்டியைக் கேளுங்கோ. பஸ்ல இருபது வருஷமா ஒண்ணாப் போறவா.”

பிரேமலதா ஹம்ஸாவின் ஆபீஸில் வேலை பார்ப்பவள். துறையூரில் பிறந்து, திருவானைக்காவலில் வாழ்க்கைப்பட்டவள். தினமும் ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஹம்ஸா போட்டு வைத்திருக்கும் சீட்டில் வந்து உட்காருவாள். போனில் கோவர்தன் விஷயத்தைச் சொன்னதும், “போன்ல சொன்னா எனக்கு வராதுங்க. காலையில பஸ்ல வாங்க. அந்தந்த இடம் வந்தாத்தான் அந்தந்தப் பாட்டு ஞாபகம் வரும்” என்றாள்.

கோவர்தனுக்கு அது புரியவில்லை. இருந்தாலும் மறுநாள் எட்டரை மணிக்கு, அம்ருதாவிடம் ஹம்ஸாவை ஒப்படைத்துவிட்டு பஸ் ஏறினார். திருவானைக்காவலில் பிரேமலதா ஏறினாள். கோவர்தன் சீட்டில் நகர்ந்து இடம்விட்டு, நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“ஸ்ரீரங்கத்துல ஏறினதும் ஒரு பாட்டு உண்டுங்க, அது நான் கேட்டதில்ல. நான் ஏர்றப்ப இது ஓடிக்கிட்டிருக்கும்” என்று ஒரு படகுப் பாட்டைச் சொன்னாள். “பாலத்துக்கு முன்னாடி இன்னொண்ணு. சத்திரம் பஸ் ஸ்டாண்டுல கூட்டம் ஏறினா வாயை மூடிக்குவாங்க. மெயின்கார்டு கேட் தாண்டினதும் மறுபடி ஆரம்பிச்சிடுவாங்க. பாலக்கரையில ஜாம் ஆனா ரெண்டு பாட்டு.”

“பஸ்ல பாடுவாளா? எல்லார் முன்னாடியுமா?”

“நல்லாக் கேட்டீங்க! இந்தப் பக்கம் வழக்கமா வர்றவங்க அத்தனை பேருக்கும் தெரியும். டிரைவரே ரேடியோவை அணைச்சிடுவாரு.”

“ஆத்துல பாடமாட்டாளே” என்றார் கோவர்தன்.

பிரேமலதா சற்றுத் தயங்கினாள். “உங்களுக்கு ஒர்க்‌ஷாப்புல நாள் பூரா இரும்புச் சத்தமாம். கல்யாணமான புதுசுல, வீட்டுலயாவது சத்தமில்லாம இருக்கணும்னு நீங்க சொன்னீங்களாம். அதைக் குறையாச் சொன்னதில்லைங்க. அப்படித்தான் வச்சுக்கிட்டாங்க, அவ்வளவுதான்.”

அப்படிச் சொன்னது கோவர்தனுக்கு நினைவில்லை. சொல்லியிருப்பார் என்பது தெரிந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்புறம் நோட்டைத் திறந்து, “சத்திரம் வரைக்கும் மூணு ஆச்சு. அடுத்தது?” என்றார்.

ஒன்பது நாள் அந்த பஸ்ஸில் போனார். ஆபீஸ் இருக்கும் ஜங்ஷன் வரை போய், இறங்கி, அடுத்த பஸ்ஸில் திரும்பினார். பிரேமலதா தணிந்த குரலில் பாடிக் காட்டுவாள். பாட்டுப் பிடிபடாத இடத்தில் முன் சீட்டுக்காரரோ, ஒரு தடவை கண்டக்டரோ அடி எடுத்துக் கொடுத்தார்கள். ஏறும் இடத்துப் பாட்டைப் பூக்கூடையோடு ஏறும் ஒரு அம்மாள் சொன்னாள். நோட்டில் பாட்டும், அது வரும் இடமும் சேர்ந்து ஏறின. அம்ருதா சொன்னவையும் இம்தியாஸின் அறையில் கேட்டதும் அதிலேயே வந்துவிட, பத்துப் பாட்டாயிற்று. எல்லாம் கிடைக்கக்கூடிய சினிமாப் பாட்டுகள்.

“இன்னும் ஒண்ணு இருக்குங்க” என்றாள் பிரேமலதா கடைசி நாள். பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியிருந்தது. “இந்தப் பாலத்துல இதைத்தான் பாடுவாங்க. சினிமாப் பாட்டு இல்ல. லால்குடியில எட்டாவது படிக்கறப்ப ஆண்டு விழாவுக்கு அவங்க டீச்சர் எழுதினதாம். எங்கயும் கிடைக்காது. பாதி வகுப்பு காவிரி ஆறாம், பாதி வகுப்பு பாலத்துல போற பொண்ணாம். ஆறு கேட்கும், பொண்ணு பதில் சொல்லும்.”

பாடினாள்.

*தண்ணி கொஞ்சம் வேணுமா?*
*ஆமாம் ஆமாம்!*
*தாளம் போட வரட்டுமா?*
*ஆமாம் ஆமாம்!*

முதல் வரியைப் பிரேமலதா பாட, பதிலைப் பின் சீட்டில் இரண்டு மூன்று பேர் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். கோவர்தன் நோட்டிலிருந்து நிமிர்ந்தார். இரண்டு மாதமாக அவர் வீட்டில் இல்லாமற்போன சொல் அதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிரேமலதாவை உறையூருக்கு அழைத்துப் போனார். பூவரசன் அவளை மைக்கின் முன் உட்கார வைத்தார். அவள் கேள்வி வரியை மட்டும் பாடினாள். பதில் வரும் இடத்தை வெறுமையாக விட்டுப் பதிந்தார்கள். “பின்னால லேசா ஒரு கஞ்சிராவாவது போடட்டுமா சார்?” என்று பூவரசன் கேட்டார்.

“ஒண்ணும் போடப்படாது” என்றார் கோவர்தன்.

“சரி சார். தொடலை.”

பதினோரு பாட்டும் பஸ் போகும் வரிசையிலேயே சேர்ந்தன.

முதல் நாள் ஹம்ஸா முழுக்கக் கேட்டாள். முதல் இரண்டு பாட்டுக்கும் பாடவில்லை. இரண்டாவது பாட்டு முடிந்து, மூன்றாவது தொடங்கப்போகும் இடைவெளியில் மூன்றாவதை அவளே முணுமுணுக்க ஆரம்பித்தாள். அப்புறம் கணவரை நிமிர்ந்து பார்த்தாள். இந்த வரிசை எப்படித் தெரிந்தது என்ற கேள்வி அவள் கண்ணில் இருந்தது. “பிரேமலதா சொன்னா. ஒன்பது நாள் பஸ்ல போனேன்” என்றார். ஹம்ஸா அழுதாள். அவர் பாட்டை நிறுத்தப் போனபோது கையைத் தட்டிவிட்டாள்.

பாலத்துப் பாட்டில், பிரேமலதாவின் குரல் கேட்டதும் பதில் வரும் இடத்தில் உதட்டைக் குவித்தாள். காற்று மட்டும் வந்தது.

தினமும் காலை எட்டரைக்குப் போட்டார்கள். ஒரு வாரம் போயிற்று. சினிமாப் பாட்டுகளில் வரிக்கு வரி பாடினாள். கடைசிச் சொல்லுக்கு முன் நிறுத்தினால் சொல் வரவில்லை. இம்தியாஸ் மேலும் இரண்டு வாரம் பார்க்கலாம் என்றார். “ரெண்டு இல்ல, இருபது வாரம் ஆனாலும் பண்ணுவோம்” என்றார் கோவர்தன். அம்ருதா பெங்களூருக்குத் திரும்ப வேண்டிய நாளும் வந்தது. அவளை ஜங்ஷனில் வண்டியேற்றிவிட்டு வந்து, அடுத்த நாள் காலை எட்டரைக்கு மறுபடி போட்டார்.

பத்தொன்பதாம் நாள். பிரேமலதாவின் குரல், “தண்ணி கொஞ்சம் வேணுமா?” என்று கேட்டது.

“ஆமா… மாமாம்” என்றாள் ஹம்ஸா.

அடுத்த கேள்விக்குத் தெளிவாகவே வந்தது. “ஆமாம் ஆமாம்!”

கோவர்தன் நகரவில்லை. பாட்டு முடியும் வரை காத்திருந்தார். பேச்சாகக் கேட்டால் பழைய பதில்தான் வரும் என்று பயமாக இருந்தது. கேள்வியையும் மெட்டிலேயே பாடிக் கேட்கும்படி இம்தியாஸ் சொல்லிக் கொடுத்திருந்ததை இதுவரை அவர் செய்து பார்க்கவில்லை. வெட்கம்தான் காரணம். ஸ்பீக்கரை அணைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறந்ததிலிருந்து ஒரு வரி பாடியறியாத கோவர்தன், அந்த மெட்டில், சுருதியும் இல்லாமல் தாளமும் இல்லாமல் பாடினார்.

“காபி கொஞ்சம் வேணுமா?”

ஹம்ஸா அவரைப் பார்த்தாள். வாய்க்கோணல் இன்னும் முழுதாகச் சரியாகாத அந்த முகத்தில் சிரிப்புப் பொங்கியது.

“ஆமாம் ஆமாம்.”

“சக்கரை கூடப் போடவா?”

அவள் ஒரு கணம் நிதானித்தாள். எந்தச் சொல் வரப்போகிறது என்று அவளே காத்திருப்பதுபோல் இருந்தது.

“வேண்டாம்” என்றாள். அவள் என்றைக்கும் சர்க்கரை குறைத்தே சாப்பிடுகிறவள்.

கோவர்தன் அடுக்களைக்குப் போய்ப் பாலை அடுப்பில் வைத்தார். பால் பொங்கி வழிந்தது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். அன்று ‘பேச்சு’ பக்கத்தில் முதல் வரி எழுதினார்: ‘ஆமாம். வேண்டாம். இரண்டும் சரியான இடத்தில்.’

அதற்குப் பிறகு வீடு நடப்பது சுலபமாயிற்று. ஆமாமும் வேண்டாமும் இருந்தால் ஒரு நாளைக்கு நூறு காரியம் முடிகிறது. அவர் மெட்டில் கேட்பார், அவள் பதில் சொல்வாள். மெல்ல மெல்ல மெட்டைக் குறைத்துப் பேச்சாகக் கேட்டார். அதற்கும் பதில் வந்தது. பாட்டுகளின் கடைசிச் சொற்கள் ஒவ்வொன்றாகத் தனியே கழன்று வந்தன. மழை. வாசல். நாளை. அம்ருதாவின் பெயர் வந்த அன்று, போனின் அந்தப் பக்கத்திலிருந்து அவள் அதை இன்னொரு தரம் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

கால்தான் பின்தங்கியது. ஹம்ஸா நாலு தப்படிக்கு ஒரு தடவை நின்றுவிடுவாள். ஒரு நாள் காலை அவளே மேஜை இழுப்பறையைத் திறந்து, தான் பிடுங்கிப் போட்ட பென் டிரைவை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

“இதுவா? உனக்குப் பிடிக்கலையே” என்றார்.

தன் வலது காலைத் தட்டிக் காட்டினாள். “ஆமாம்” என்றாள்.

போட்டார். பாட்டைப் பின்தொடரும் எண்ணமே இல்லாமல் அவள் கூடத்தில் அந்தத் தாளத்துக்கு நடந்தாள். டம் என்றால் இடது, டம் என்றால் வலது. பதினாறு தப்படி நிற்காமல் நடந்து, மூச்சு வாங்கச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். தாளம் மட்டும் அவளுக்கு வேகமாக இருந்தது. கோவர்தன் கடிகாரத்தை வைத்து அவள் நடையை எண்ணினார். நிமிஷத்துக்கு ஐம்பத்திரண்டு அடி. பூவரசனுக்குப் போன் செய்து அந்த எண்ணைச் சொன்னார்.

“அப்ப ரீமிக்ஸ் வேணும்கிறீங்க” என்றார் பூவரசன். குரலில் உற்சாகம் தாங்கவில்லை. “ஐம்பத்திரண்டுல ஒண்ணு பண்றேன் சார். வாரத்துக்கு ரெண்டு ரெண்டா ஏத்திக்கிட்டே போவோம். பாட்டை எப்படி வேணா வெட்டலாம்தானே?”

“எப்படி வேணா வெட்டுங்கோ. தாளம் மட்டும் விடப்படாது.”

எட்டரைக்கு மிக்ஸ்டேப், மாலை ஐந்தரைக்கு ரீமிக்ஸ் என்று ஆயிற்று. ஆடி முடிவதற்குள் தாளம் அறுபதைத் தொட்டது. ஹம்ஸா தெருமுனை வரை போய் வந்தாள். இம்தியாஸ் எண்ணிப் பார்த்தார். தேவைப்படும்போது தானாக வரும் சொற்கள் நாற்பத்தொன்று.

ஆவணியில் லீவை நீட்டிக்க ஆபீஸுக்கு எழுத வேண்டியிருந்தது. தபாலில் அனுப்பிவிடலாம் என்றார் கோவர்தன். ஹம்ஸா தலையசைத்து மறுத்தாள். தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். தானே போக வேண்டும்.

“சரி. கார் சொல்லிடறேன்.”

“வேண்டாம்.”

“ஆட்டோ?”

“வேண்டாம். பஸ்.”

“படி உசரம் ஹம்ஸா. கூட்டம் வேற.”

“பஸ்” என்றாள் மறுபடியும். அதற்கு மேல் விவாதிக்க அவளிடம் சொற்கள் இல்லை. அவளுக்கு அவை தேவைப்படவும் இல்லை.

எட்டரை பஸ்ஸில் கோவர்தன் பின்னால் நின்று தாங்க, இடது காலை முதலில் வைத்து ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து பக்கத்தில் பிரேமலதாவுக்குப் பையைப் போட்டு இடம் பிடித்தாள். கோவர்தன் பின் சீட்டுக்குப் போய்விட்டார். கண்டக்டர் புதியவர். டிக்கெட் கட்டோடு அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

“எங்கம்மா?”

கோவர்தன் வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். முன் கம்பியை இறுகப் பிடித்தார். ஹம்ஸா ஒரு தரம் முயன்றாள். வேறு ஏதோ சத்தம் வந்தது. கண்டக்டர் அடுத்த சீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் அவளைப் பார்த்தார்.

“சொல்லுங்கம்மா, எங்க?”

இடது கையால் தொடையில் மெதுவாக இரண்டு தட்டுத் தட்டினாள். ஒவ்வொரு தட்டுக்கும் பாதிச் சொல் வந்தது.

“ஜங்… ஷன்.”

கண்டக்டர் மகளிர் இலவச டிக்கெட்டைக் கிழித்து அவள் கையில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார். வண்டி கிளம்பியது.